நீலத் திரையைக் கண்டு பயம் ஏன்?

ஹட்டனிலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார்: "மகன் உபுண்டுவில் என்விடியா டிரைவர் போட்டான். மறுபடி இயக்கியபோது நீலத் திரை வந்ததாம். பயந்து பேசாமல் இருந்துவிட்டான். இப்போது படம் 1024×768க்கு மேல் போகாது. கார்டை மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். என் தையல் காசுதான் போகவேண்டும்!"

காசைப் பத்திரப்படுத்துங்கள், சகோதரி. டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' கட்டளைக்குக் கார்டின் பெயர் வந்தால், பெரும்பாலும் கார்டில் பழுதில்லை. 'செக்யூர் பூட்' உள்ள கணினி, பதிவான சாவியால் கையொப்பமிடாத டிரைவரை உள்ளே விடாது. நீலத் திரை வந்தது அந்தச் சாவியைப் பதியத்தான். 10 விநாடியில் தானே போய்விடும்.

'மொக்யூட்டில்' வழியாகச் சாவியை மீண்டும் கொடுக்கச் சொல்லுங்கள். அப்போது வைக்கும் கடவுச்சொல்லைத் தாளில் குறித்துவையுங்கள் (நாமெல்லாம் மறப்பது அங்கேதான்). நீலத் திரை வந்ததும் ஒரு விசையைத் தட்டி, 'என்ரோல் மோக்' தெரிவுசெய்து, அதைக் கொடுக்கட்டும். அதன்பின்னும் டிரைவர் ஏறாவிட்டால் கடைக்குப் போகலாம்.