தரகர் சொல்லாத பக்கம்



கணவர் கத்தாரில். மூத்த மகளுக்கு வயது பதினேழாகிறது. பத்து பேர்ச் காணியாவது வாங்கிப் போட வேண்டும் என்ற யோசனையில், பிள்ளைகள் தூங்கிய பின் கைபேசியைத் தட்டிக்கொண்டிருப்பவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

காணித் தரகர்கள் இப்போது இணையத்தில் தாராளமாகத் தகவல் தருகிறார்கள். எந்த ஊரில் பேர்ச் என்ன விலை, கிணறு உண்டா, பாதை எத்தனை அடி என்பதெல்லாம் வீடியோவோடு இலவசம். நல்லதுதான். முன்பெல்லாம் விலை விசாரிக்கவே வாப்பாவையோ நானாவையோ அனுப்ப வேண்டும். இன்று அடுப்படியில் இருந்தே நாலு ஊர் விலையை ஒப்பிடுகிறோம். ஆனால் அவருக்குக் கூலி கிடைப்பது காணி விலைபோனால்தான். ஆகவே விற்க உதவும் தகவலே முன்னால் வரும். ("பஸ் ஹோல்ட்டுக்கு ஐந்து நிமிடம்" என்கிறார்களே, அது மோட்டார் சைக்கிளிலா, கைக்குழந்தையோடு நடந்தா?)

என் சாச்சியின் மகள் 2023இல் இப்படித்தான் ஒரு காணியைப் பார்த்தாள். கணவர் அனுப்பிய காசோடு தன் மாலையை விற்ற காசும் கையில் இருந்தது. தரகர் உறுதியின் பிரதியை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பெயர் சரி, வரைபடமும் சரி. "நாளைக்கு வேறு ஆள் வருது தங்கச்சி, இன்றைக்கே அட்வான்ஸைத் தந்திருங்க" என்றார். அவளுக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை. தனக்குத் தெரிந்த நொத்தாரிசு மூலம் காணிப் பதிவகத்தில் தேடச் செய்தாள். அந்தக் காணி ஈட்டில் இருந்தது, மீட்கப்படவேயில்லை! தரகரிடம் கேட்டதற்கு, "நீங்க கேக்கல்லையே" என்றார்.

உறுதியின் பிரதி பாதிக் கதைதான். காணி யார் யார் கைக்கு மாறியது, ஈடு உண்டா என்பதைப் பதிவகத்தின் ஏட்டில்தான் பார்க்க வேண்டும். சிறு கட்டணம் கட்டித் தேடலாம். முப்பது வருடம் பின்னோக்கிப் பார்ப்பது வழக்கம். நொத்தாரிசு உங்களுடையவராக இருக்கட்டும், தரகர் கூட்டிவருபவர் வேண்டாம். ஜயபூமி, ஸ்வர்ணபூமி அளிப்புப் பத்திரம் என்றால், பிரதேச செயலகத்தில் விசாரிக்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் கையெழுத்திட்ட உறுதி இல்லாமல் காணி கைமாறாது என்பது 1840ஆம் ஆண்டிலிருந்தே உள்ள சட்டம். துண்டுக் கடதாசியில் எழுதி வாங்கிய காணி உங்களுடையதல்ல. உறுதி முடிந்ததும் தாமதியாமல் பதியுங்கள். பதியாமல் பெட்டியில் வைத்திருந்தால், அதே காணியைப் பின்னால் வாங்கி முதலில் பதிந்தவர் உங்களை முந்திவிடக்கூடும்.

முத்திரை வரியையும் விளம்பரத்தில் காணமாட்டீர்கள். முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 20 இலட்சக் காணிக்கு 79,000 ரூபா. நொத்தாரிசுக் கட்டணம் வேறு.

சாச்சியின் மகள் பிறகு இன்னொரு தரகரைக் கண்டாள். அவர் காணியின் படத்தோடு பதிவேட்டின் பிரதியையும் தானாகவே அனுப்பினார். அவள் அதையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, அவரிடமே எட்டு பேர்ச் வாங்கினாள். விலை கொஞ்சம் கூடத்தான்.