சிப்பாயின் சட்டைக்கு எந்தச் சிவப்பு?

வன்னியில் பாடசாலைக் கண்காட்சி ஒன்று நடந்தால் வரலாற்று மேசையில் முல்லைத்தீவுக் கோட்டை கட்டாயம் இருக்கும். ரெஜிபோமில் வெட்டிய மதில், மரத்தூளுக்குச் சாயமிட்டுத் தூவிய காடு, நடுவில் குளத்துக் களிமண்ணில் பிடித்த விரலளவு சிப்பாய்கள். ஒரு பக்கம் பண்டார வன்னியனின் ஆட்கள், மறுபக்கம் வெள்ளைக்காரர். கோட்டையின் அளவை அறிய மாணவிகள் புத்தகம் தேடுகிறார்கள், ஆசிரியையிடம் கேட்கிறார்கள். சிப்பாயின் சட்டைக்கு நிறம் பூசும்போது மட்டும் யாரும் எதையும் தேடுவதில்லை. போஸ்டர் கலர் பெட்டியில் எந்தச் சிவப்பு மீதியிருக்கிறதோ அது வெள்ளைக்காரனுக்கு. மஞ்சளும் பச்சையும் தங்கக் கரையும் வன்னியனுக்கு.

இது சிறிய விடயம் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கண்காட்சிக்கு வருகிற ஒருவர் நாம் ஒட்டிய விளக்கத் தாளை வாசிக்காமல் போகலாம். நிறத்தைப் பார்க்காமல் போகமாட்டார். அவர் வீட்டுக்குக் கொண்டுபோகிற வரலாறு அந்த நிறம்தான். ஆகவே பொய்யான நிறம் பொய்யான ஆண்டைப் போன்ற பிழை.

முதலில் ஆண்டைப் பார்ப்போம். 1803 ஆகஸ்ட் 25இல் பண்டார வன்னியன் முல்லைத்தீவைத் தாக்கிக் கோட்டையைக் கைப்பற்றினார். அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிரிபேர்க்கின் படை அவரைத் தோற்கடித்தது. அதைக் குறித்து ஆங்கிலேயர் நட்ட கல்லைப் பற்றி நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். இரண்டு சம்பவங்களுக்கும் இடையே இரண்டு மாதங்களும் சில நாட்களும்தான். ஆனால் இவை தனியாக நடந்தவை அல்ல. அந்த ஆண்டு முழுவதும் ஆங்கிலேயருக்கும் கண்டி அரசனுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது, வன்னியன் கண்டியுடன் சேர்ந்து நின்றார். 1803இன் சிப்பாயைச் செய்பவர் இந்த முழுப் போரையும் மனதில் வைத்துத்தான் தூரிகையைத் தொட வேண்டும்.

சரி, சிவப்பு. ஆங்கிலேயக் காலாட்படை சிவப்புக் கோட்டு அணிந்தது உண்மை. ஆனால் அது ஒரே சிவப்பு அல்ல. சாதாரணச் சிப்பாயின் கோட்டு, நமது நாட்டு வைத்தியத்தில் மஞ்சிட்டி என்கிறோமே, அதன் ஐரோப்பிய இனமான ஒரு செடியின் வேரிலிருந்து எடுத்த சாயத்தில் தோய்த்தது. அது செங்கல்லை ஒத்த, சற்று மங்கிய சிவப்பு. அதிகாரியின் கோட்டோ மெக்சிகோவின் கள்ளிச்செடிகளில் வாழும் ஒரு சிறு பூச்சியை உலர்த்தி அரைத்து எடுத்த சாயத்தில் தோய்த்தது. விலை கூடியது, கண்ணைப் பறிக்கும் சிவப்பு. தூரத்தில் நிற்கும்போதே எவன் கட்டளையிடுகிறவன், எவன் கட்டளைக்கு ஓடுகிறவன் என்று துணி சொல்லிவிடும். நாமோ இருபது பேருக்கும் ஒரே போத்தலில் தூரிகையைத் தோய்த்து, கப்டனையும் கடைசிச் சிப்பாயையும் சமமாக்கிவிடுகிறோம்.

வேரிலிருந்து எடுத்த சிவப்பு நமக்கும் அந்நியமானதல்ல. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டியெடுத்த சாயவேர் ஒல்லாந்தர் காலத்தில் அரசாங்கத்துக்கு வருமானம் தந்த பொருள். இம்பூறல் என்றும் அதைச் சொல்வார்கள். மணற்பாங்கான நிலத்தில் படர்கிற சிறு செடி, பருத்தித் துணியைச் சிவப்பாக்கும் வேர். அந்த ஐரோப்பியச் செடியும் நமது சாயவேரும் ஒரே தாவரக் குடும்பம், இரண்டிலும் சிவப்பைத் தருவது ஒரே சாயப்பொருள். சித்திரப் பாடத்துக்கும் விஞ்ஞானப் பாடத்துக்கும் இடையே இப்படியொரு வாசல் திறந்து கிடக்க, நாம் சிவப்பு என்றால் கடைப் போத்தல் என்று இருக்கிறோம்.

அடுத்தது கொலரும் கை மடிப்பும். நாம் எல்லோரும் வெள்ளைச் சீருடைதான் அணிகிறோம். ஆனாலும் பஸ்ஸில் ஏறும் பிள்ளை எந்தப் பாடசாலை என்று டையின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறோம். ஆங்கிலேயப் படையிலும் இதே கதைதான். கோட்டு எல்லோருக்கும் சிவப்பு, கொலரும் கை மடிப்பும் படையணிக்குப் படையணி வேறு. 1796 முதல் 1820 வரை இலங்கையில் இருந்த 19ஆம் காலாட்படையணிக்கு அந்த நிறம் பச்சை. 1740களில் ஹவார்ட் என்ற ஒரே குடும்பப் பெயருடைய இரு தளபதிகளின் கீழ் இரண்டு படையணிகள் இருந்தன. எந்த ஹவார்டின் ஆட்கள் என்று குழம்பாமல் இருக்க ஒன்றைப் பச்சை ஹவார்ட் என்றும் மற்றதைத் தோல் நிற ஹவார்ட் என்றும் அழைத்தார்கள். அந்தப் பச்சைதான் இந்த 19. கொலரில் பூசும் ஒரு கடுகளவு பச்சை அந்தச் சிப்பாய்க்கு ஊரும் பேரும் கொடுத்துவிடுகிறது. 1803 ஜூனில் கண்டியில் மேஜர் டேவியின் படை சரணடைந்தபோது கொல்லப்பட்டவர்களில், நோயுற்றுப் படுக்கையில் கிடந்தவர்கள் உட்பட, இந்தப் பச்சைக் கொலர்காரர் பலர். இன்னொன்று, பீரங்கிக்குப் பக்கத்தில் நிற்பவருக்குச் சிவப்பே வேண்டாம். ஆங்கிலேயப் பீரங்கிப் படையினர் கடும் நீலம் அணிந்தவர்கள்.

முஸ்லிம் மாணவிகளாகிய நமக்கு இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. வெள்ளைக்காரரின் படை என்றவுடன் எல்லா முகங்களுக்கும் வெள்ளையைப் பூசிவிடுகிறோம். அந்தப் படையில் வெள்ளையர் அல்லாதோர் ஏராளம். அவர்களில் மலாயர் முக்கியமானவர்கள். ஒல்லாந்தரிடம் சேவை செய்து, பின் ஆங்கிலேயரின் கீழ் தனிப் படையணியாக நின்றவர்கள். அவர்கள் நம் மார்க்கத்தவர்கள். கண்டியில் சரணடைந்த படையில் மலாய்க் கப்டன் நூர்தீன் இருந்தார். தன் சேவைக்கு வந்துவிடும்படி கண்டி அரசன் கேட்டான். தான் ஏற்கெனவே ஒருவருக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டதாகக் கூறி அவர் மறுத்தார். அவரும் அவரது சகோதரரும் கொல்லப்பட்டார்கள். அதே கண்டி அரசனின் பக்கத்திலும் மலாயர் ஆயுதம் ஏந்தி நின்றார்கள் என்பதை இத்துடன் சேர்த்துப் பாருங்கள். ஒரே மொழி, ஒரே தொழுகை, ஒரே முகச்சாயல். இந்தப் பக்கத்தவரையும் அந்தப் பக்கத்தவரையும் பிரித்துக் காட்டியது உடுப்பு. இதை விளக்கத் தாளில் ஒரு பக்கம் எழுதலாம். பக்கத்தில் பக்கமாக இரண்டு சிறு உருவங்களை வைத்தும் காட்டலாம், துணியின் நிறத்தைச் சரியாகப் பூசத் தெரிந்தால்.

மலாய்ச் சிப்பாய்க்குக் கரும்பச்சை பூசிய மாதிரிகளைக் கண்டிருக்கிறேன். அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது என்பதை ஊகிக்க முடியும். இலங்கை ரைபிள் படையணியின் படங்கள் அவ்வாறுதான் இருக்கும், அதில் மலாயரே அதிகம். ஆனால் ரைபிள் படையணி உருவானது 1827இல், கலைக்கப்பட்டது 1873இல். 1803இல் அதை அணிவிப்பது, தாத்தாவின் கலியாணப் படத்தில் பேரனின் சேர்ட்டை ஒட்டுவது போன்றது.

இனி நமது பக்கம். பண்டார வன்னியனின் காலத்திலேயே அவரைப் பார்த்து வரைந்த படம் எதுவும் வழக்கில் இல்லை. வவுனியாவில் நிற்கும் சிலை கலைஞரின் கற்பனை. கற்பனை கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் நாம் செய்கிற உருவங்களில் பெரும்பாலானவை அந்தக் கற்பனைகூட இல்லை, 1959இல் வந்த வீரபாண்டிய கட்டபொம்மன் படத்தில் சிவாஜி கணேசன் அணிந்த உடை. கட்டபொம்மன் 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டவர். வன்னியனுக்கும் அவருக்கும் காலம் நெருக்கம்தான், ஆனால் பாளையக்காரரின் உடுப்பை, அதுவும் சினிமாத் தையற்காரர் தைத்ததை, காட்டு வழியே யானை பிடித்துத் திறை கட்டிய வன்னிநாட்டு மனிதருக்கு அணிவிக்க என்ன நியாயம்? அவருடைய ஆட்களுக்குச் சீருடை என்று ஒன்று கிடையாது. கண்டிப் படையிலும் பெரும்பாலோர் இராஜகாரிய முறையில் வயலிலிருந்து அழைக்கப்பட்டவர்கள், இடுப்பில் வீட்டுத் துணி, தோளில் தங்கள் சோற்றுப் பொதி. இத்தகையவர்களுக்குப் பளபளக்கும் மஞ்சளில் ஒரே மாதிரி உடுப்புப் போட்டு வரிசையில் நிறுத்தினால் நாம் அவர்களை உயர்த்தவில்லை. சீருடையும் சம்பளமும் பீரங்கியும் இருந்த படையை அவை இல்லாதவர்கள் கோட்டையை விட்டு ஓட வைத்தார்கள் என்ற பெருமையையே அழித்துவிடுகிறோம்.

எனது கருத்து இதுதான். ஆதாரம் உள்ள இடத்தில் நிறம் பூசுங்கள், இல்லாத இடத்தில் களிமண்ணைக் களிமண்ணாகவே விடுங்கள். சுட்ட மண்ணின் நிறம் அவமானமல்ல. சாயமிடாத பருத்திக்கும் வெயிலில் உழைத்த உடம்புக்கும் அதைவிடப் பொருத்தமான நிறம் எந்தப் போத்தலிலும் இல்லை. ஒரு பக்கம் நிறம், மறுபக்கம் வெறும் மண். அந்தக் கோட்டையைச் சுற்றி அன்று நின்றவர்களின் வித்தியாசம் மேசைக்கு வந்த முதல் பார்வையிலேயே தெரியும்.

உருவம் செய்வதையே விரும்பாத பெற்றார் நம்மிடையே உண்டு. அதை நான் அலட்சியமாகப் பேசமாட்டேன். ஆயிஷா நாயகி (ரழி) அவர்கள் பொம்மைகள் வைத்து விளையாடிய ஹதீஸைக் காட்டுவோரும் உண்டு, உருவம் எதுவாயினும் தவிர்ப்பதே பேணுதல் என்போரும் உண்டு. அதைத் தீர்க்க வேண்டியவர்கள் ஆலிம்கள். ஆனால் இந்த வேலைக்கு முகம் தேவையே இல்லை. கண், மூக்கு, வாய் எதுவுமின்றி, தலைக்கு ஒரு உருண்டையோடு விட்டாலும் சிப்பாய் யார் என்பதைக் கொலர் சொல்லிவிடும். அதற்கும் மனம் ஒப்பாதவர்கள் மட்டையில் கோட்டை மட்டும் வெட்டி நிறம் பூசலாம். சாதாரண தரப் பரீட்சையை வைத்துக்கொண்டு பொம்மைக்குச் சாயம் பூசுவதா என்று கேட்கும் பெற்றாருக்கு ஒரே பதில், ஒரு கொலரின் நிறத்தைத் தேடிப் போகிற பிள்ளை வழியில் ஒரு போரையே படித்துவிடுகிறாள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வன்னியில் எங்கள் பெற்றாரின் தலைமுறைக்குச் சீருடையின் நிறம் ஒருநாளும் அலங்காரமாக இருந்ததில்லை. வீதி முனையில் வருவது யார், நிற்பதா, வீட்டுக்குள் போவதா என்பதைத் துணியின் நிறத்திலிருந்து ஒரு கணத்தில் தீர்மானித்தவர்கள் அவர்கள். ஊரைவிட்டு வெளியேறி ஆண்டுக்கணக்கில் புத்தளத்தில் முகாமில் இருந்து திரும்பியவர்களும் அவர்களில் உண்டு. அப்படிப்பட்ட ஒருவர் நமது மேசைக்கு முன்னால் வந்து நிற்கும்போது, நிறம் எதுவானால் என்ன என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பூசுவது பற்றிச் சில வார்த்தைகள். சிப்பாய்க்குரிய சிவப்பில் சிறிது கபிலத்தைக் கலக்க வேண்டும், அதிகாரிக்குப் பளிச்சென்ற சிவப்பைக் கலக்காமல் வைக்கலாம். சிறிய உருவத்தில் எந்த நிறமும் உள்ளதைவிடக் கடுமையாகத் தெரியும், ஆகவே சற்று வெளிறச் செய்வது நல்லது. ஆனால் சிவப்பை வெளிறச் செய்ய வெள்ளையைச் சேர்த்தால் ரோஸ் நிறச் சிப்பாய்தான் கிடைப்பான். ஒரு துளி செம்மஞ்சள் போதும். தொப்பிக்கு முழுக் கறுப்பு வேண்டாம், கருஞ்சாம்பல் போதும். மார்பில் குறுக்காகச் செல்லும் தோல் வார்களை அவர்கள் வெள்ளைக் களிமண் பூசித் துலக்கி வைத்திருந்தார்கள், அதனால் அது பாலின் வெள்ளையாக அல்லாமல் சுண்ணாம்புச் சுவரின் வெள்ளையாக இருக்கட்டும். கலந்த நிறத்தை ஒரு துண்டு மட்டையில் பூசிக் காயவைத்துவிட்டுப் பாருங்கள், ஈரத்தில் காட்டும் நிறம் காய்ந்தபின் இராது. அதையும் ரியூப் வெளிச்சத்தில் அல்லாமல், முற்றத்து வெயிலில் பார்க்க வேண்டும்.

பழைய வர்ணப் படங்களை அப்படியே நம்பவும் வேண்டாம். அக்காலத்துப் புத்தகப் படங்கள் செப்புத்தகட்டில் கோடாக அச்சானவை. அவற்றுக்குப் பின்னர் கையால் நிறம் தீட்டியவர்கள், பெரும்பாலும் அந்தப் போரையோ நாட்டையோ கண்ணால் காணாதவர்கள். ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் இரண்டு நிறங்கள் இருப்பது உண்டு. படம் ஒன்று சொல்ல, படையணியின் பதிவு வேறொன்று சொன்னால் பதிவின் பக்கம் நிற்பதே முறை.

நடுவர்களாக வருகிற ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அழகுக்கும் தூய்மைக்கும் புள்ளி இருக்கிறது. நூறு புள்ளிகளில் பத்தை வேறொன்றுக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் கீழே, இது எங்கிருந்து தெரிந்தது என்று ஒரு வரி மாணவி எழுதியிருக்க வேண்டும். ஏன் சில உருவங்களுக்கு நிறம் பூசவில்லை என்று எழுதிய பிள்ளைக்கும் அதே பத்தைக் கொடுங்கள்.