மாப்பிள்ளையின் மேப்பிள்

போன ஆண்டு இலையுதிர் காலத்தில் கியோட்டோ போய்வந்ததிலிருந்து என் கணவருக்கு மேப்பிள் ஆசை. இணையத்தில் ஒரு கன்று வாங்கி, புக்கிட் மேராவில் எங்கள் வீவக வீட்டு வாசலில் வைத்தார். அதே வாரம் அம்மா, தேக்காவில் வாங்கிய சேப்பங்கிழங்கில் முளைவிட்ட ஒன்றைப் பழைய வாளியில் ஊன்றினார்.

மேப்பிள் இலையை உதிர்த்துவிட்டுக் குளிரில் உறங்கி எழுந்தால்தான் ஒழுங்காகத் துளிர்க்கும். இங்கே விடியற்காலையிலேயே 24, 25 டிகிரி. எங்கே உறங்குவது? இலை நுனி கருகி, ஐந்தாம் மாதம் வெறும் குச்சி. அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

சேம்புக்கோ நம் புழுக்கமும் மழையும்தான் சொர்க்கம். யானைக்காது போல இலை. தண்ணீர் ஒட்டாமல் முத்தாக உருளும். நடைவழியில் 1.2 மீட்டர் இடம் விட வேண்டுமே என்று வாளியை இரண்டு முறை நகர்த்தினோம். தட்டில் நீர் தேங்கினால் கொசு வரும், தினமும் கொட்டிவிடுங்கள். கிழங்கு உரிக்கும்போது கை அரிக்கும், எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

“மாப்பிள்ளையோட தொட்டி சும்மாதானே கிடக்கு, இன்னொரு கிழங்கு ஊனட்டுமா? நீயே கேட்டுச் சொல்லு” என்கிறார் அம்மா.

இன்னும் கேட்கவில்லை. குச்சிக்கு அவர் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.