பெயரற்றவர்களுக்கும் வரலாறு உண்டு!



'உன் குடும்ப மரத்தை வரைந்து வா' என்று ஐந்தாம் ஆண்டு மாணவர்களைப் பணித்திருந்தேன். ஒரு மாணவி பாட்டியின் பெயரோடு நிறுத்திவிட்டாள். அதைப் பார்த்த ஆசிரிய நண்பர், "கைநாட்டு வைத்தவர்களின் குடும்பத்தில் தேடுவதற்கு என்ன இருக்கிறது?" என்றார். படித்தவர் சொல்லும் சொல்லா இது? எழுதத் தெரியாதவர்க்கு வரலாறே இல்லை என்பது பொய். அப்பொய்யை உடைக்க அமெரிக்க உள்நாட்டுப் போர் ஒன்றே போதும்.

1850, 1860 ஆம் ஆண்டுகளின் கணக்கெடுப்புக்காக அந்நாட்டில் அடிமைகளுக்கெனத் தனிப் பட்டியல்கள் எழுதப்பட்டன. முதலாளியின் பெயர் இருக்கும். அதன்கீழ் அடிமைகளின் வயது, பால், நிறம் இருக்கும். பெயர் பெரும்பாலும் இராது. கறவை மாட்டுக்கும் பெயரிட்டு அழைக்கும் உலகில் மனிதருக்கு நேர்ந்த கொடுமை இது!

1861இல் போர் மூண்டது. 1863 முதல் வடமாநிலப் படை கறுப்பினத்தவரைப் பெருமளவில் சேர்த்தது. 1865இல் போர் முடிவதற்குள் ஏறத்தாழ 179,000 பேர் அதில் பணியாற்றினர். அவர்களுள் பெரும்பாலோர் அடிமைகளாய் இருந்தவர்கள். வெள்ளை வீரனுக்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கோ 10 டாலர், அதிலும் உடைக்கென 3 டாலர் பிடித்தம். 1864இல்தான் நாடாளுமன்றம் சம ஊதியத்துக்கு வழி செய்தது. ஆயினும் படைவீரனைப் பெயரின்றிப் பதிய முடியாதே! பெயர், வயது, பிறந்த இடம், படையில் சேர்ந்த நாள் எல்லாம் ஏடேறின.

போருக்குப் பின் வீரர்களின் மனைவியர் ஓய்வூதியம் கேட்டனர். அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்றதில்லை. சான்றிதழுக்கு எங்கே போவது? எனவே திருமணத்தை அறிந்தவர்கள், உடன் போரிட்டவர்கள், மகப்பேறு பார்த்த பெண்கள் எனப் பலரும் சாட்சி சொன்னார்கள். அவை எழுத்தாயின. ஹாரியட் டப்மன் அம்மையாரை நாம் அறிவோம். எழுதப் படிக்கத் தெரியாத அவர், போர்வீரரான தம் கணவர் 1888இல் மறைந்தபின் விண்ணப்பித்து, 1895இல் மாதம் 8 டாலர் ஓய்வூதியம் பெற்றார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்போம். அங்கே அந்த ஏடுதான் அடுப்பெரித்தது!

அவ்வேடுகள் இன்று அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கொள்ளுப் பேரர்கள் முதலில் 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைப் பார்க்கிறார்கள். விடுதலை பெற்றோர் அனைவரையும் பெயரிட்டு எழுதிய முதல் தேசியக் கணக்கெடுப்பு அது. பிறகு படைச் சேவைக் குறிப்பு. அதன்பின் ஓய்வூதியக் கோப்பு. ஒரே பெயரில் பல வீரர் இருப்பர். விடுதலைக்குப் பின் குடும்பப் பெயரை மாற்றியோரும் உண்டு. அவசரப்பட்டால் அடுத்தவர் பாட்டனைத் தம் பாட்டன் எனக் கொண்டாட நேரும். படைப்பிரிவு, ஊர், மனைவி மக்களின் பெயர் ஆகியவை பொருந்தினால்தான் உறவு உறுதியாகும்.

"அது அமெரிக்கா, நமக்கு ஏது அத்தகைய ஏடுகள்?" எனச் சிலர் கேட்கலாம். அந்த ஏடுகள் யாருடைய கருணையாலும் நிரம்பவில்லை. ஏழைப் பெண்கள் வாய்திறந்து கேட்டதால் நிரம்பின. ஊரார் நினைவிலிருந்து சொன்னதால் நிரம்பின. வீட்டில் யாரும் பெயரைச் சொல்லி வைக்காவிடில், இன்று எந்தக் காப்பகக் கதவைத் தட்டியும் பயனில்லை.

அம்மாணவியின் தாளை நான் திருப்பிக் கொடுத்தேன், குறைக்காக அன்று. "பாட்டியிடம் அவர் தாயின் பெயரையும், பிறந்த தோட்டத்தின் பெயரையும் கேட்டு எழுதி வா" என்றேன். பெற்றோர்களே, உங்கள் வீட்டு முதியவர் இன்று பேசுகிறார். நாளை? பிள்ளையின் கையில் எழுதுகோலைக் கொடுத்து அவர் அருகில் உட்கார வையுங்கள். வெற்றுக் கட்டத்தைக் கண்டு ஏளனம் செய்யும் ஆசிரியர், பிள்ளையின் வேரில் வெந்நீர் ஊற்றுகிறார். அப்பிழையை நாம் செய்யலாகாது.

சிந்திப்போம், செயல்படுவோம்!