கழற்றி மாட்டக்கூடிய ரயில்

1920-ஆம் ஆண்டு லிவர்பூலில் பிராங்க் ஹார்ன்பியின் மெக்கானோ நிறுவனம் தன் முதல் பொம்மை ரயிலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில். அந்தக் காலத்துத் தகர பொம்மைகள் பெரும்பாலும் விளிம்பு நாக்குகளை மடித்தோ, பற்றவைத்தோ செய்யப்பட்டவை. ஒருமுறை பிரித்தால் பிரிந்ததுதான். ஹார்ன்பியின் ரயிலோ நட்டும் போல்ட்டும் கொண்டு பூட்டப்பட்டிருந்தது. வாங்கிய பிள்ளை அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றலாம், மறுபடி பூட்டி ஓட்டலாம். துளையிட்ட உலோகப் பட்டைகளை இணைத்துப் பாலமும் பாரந்தூக்கியும் கட்டும் விளையாட்டுக்கு 1901-இல் காப்புரிமை பெற்றவர் அவர். ரயிலையும் அதே கண்ணோடுதான் பார்த்தார். பொம்மையைப் பிரிக்கும் குழந்தையின் கையைத் தட்டிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். பிரிப்பதற்கென்றே ஒரு பொம்மையைச் செய்து விற்றார் ஹார்ன்பி.

பழைய மாதிரி ரயில்களைத் தேடி வாங்கி, சீர்செய்து, வீட்டில் ஓட்டிப் பார்க்கிறவர்கள் இன்றும் பல நாடுகளில் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது இளமைக்கால ஏக்கமாகவோ, காசு மிகுந்தவர்களின் சேகரிப்புப் பித்தாகவோ படுகிறது. இரண்டும் இதில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனாலும் இந்தப் பொழுதுபோக்கின் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் வாதம். ஓர் இயந்திரத்தைத் திறந்து, அது எப்படி ஓடுகிறது, ஏன் நின்றது என்று கண்ணால் கண்டு, கையால் சரிசெய்யும் வாய்ப்பைச் சாதாரண வீட்டுக்குள் இன்னமும் தருகிற வெகுசில பொருட்களில் பழைய மாதிரி ரயிலும் ஒன்று. ஆகவே அது இருக்கவேண்டிய இடம் கண்ணாடி அலமாரி அல்ல, தண்டவாளம்.

1938-இல் மெக்கானோ நிறுவனம் தொடங்கிய ஹார்ன்பி டப்ளோ வரிசையை எடுத்துக்கொள்வோம். நிஜ ரயிலின் ஓர் அடியை 4 மில்லிமீட்டராகச் சுருக்கிய ரயில்கள் இவை, பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடுபவை. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். பல என்ஜின்களின் உடல் உருக்கி வார்த்த உலோகம். திருகைக் கழற்றி அந்த உடலைத் தூக்கிவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்துவிடும்: ஒரு காந்தம், செம்புக் கம்பி சுற்றிச் சுழலும் பாகமான ஆர்மெச்சூர், அதன் முனையில் கம்பிச் சுருளுக்கு மின்சாரத்தைத் திசைமாற்றிக் கொடுக்கும் கம்யூட்டேட்டர், அதை ஸ்பிரிங்கின் உந்துதலால் உரசிக்கொண்டிருக்கும் இரண்டு பிரஷ்கள், சக்கரங்களைச் சுழற்றும் பற்சக்கரம். அறுபது வருடம் பரணில் கிடந்த என்ஜின் ஓட மறுத்தால், காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றில்தான் இருக்கும். எண்ணெய் காய்ந்து மெழுகாக இறுகியிருக்கும். கம்யூட்டேட்டரின் இடுக்குகளில் கரித்தூள் அடைந்திருக்கும். பிரஷ் தேய்ந்திருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சு, பல்குத்தும் குச்சி ஒன்று, ஊசிமுனையில் ஒரு சொட்டு எண்ணெய், இவ்வளவிலேயே பல என்ஜின்கள் உயிர்பெற்றுவிடும். காந்தம் சோர்ந்திருந்தால் கதை வேறு. அப்போது மோட்டார் மின்சாரத்தை அதிகம் இழுக்கும், சூடாகும், ஆனால் பெட்டிகளை இழுக்கத் திணறும். காந்தப்புலத்துக்கும் இழுவிசைக்கும் உள்ள தொடர்பு பள்ளிப் புத்தகத்தில் ஒரு படம். இங்கே அது உள்ளங்கையில் சுடும்.

இப்படித் திறந்து பார்க்கவும், காலங்கடந்து பயன்படுத்தவும் முடிவது தற்செயலாக நேர்ந்ததல்ல, அப்படித்தான் செய்தார்கள். ஜெர்மனியில் கோப்பிங்கன் நகரத்து மெர்க்லின் நிறுவனம் 1891-இல் லைப்சிக் சந்தையில் தண்டவாள அகலங்களை எண்ணிட்டு வரையறுத்தது. வாங்கிய ரயிலோடு முடிந்துவிடாமல், வருடாவருடம் பெட்டியும் பாலமும் நிலையமும் சேர்த்துக்கொண்டே போகலாம் என்பது அதன் பொருள். 1950-களில் அந்நிறுவனம் செய்த சிறு அளவு என்ஜினை, ஏற்ற மாறுதிசை மின்சாரம் கொடுத்து, இன்று அது விற்கும் தண்டவாளத்தில் ஓட்டலாம். அமெரிக்காவின் லயனல் நிறுவனம் தன் அங்கீகாரம் பெற்ற பழுதுபார்க்கும் கடைகளுக்கு, ஒவ்வொரு பாகத்துக்கும் எண்ணிட்ட கையேடுகளைக் கொடுத்தது. அந்தக் கையேடுகள் இன்றும் பயன்படுகின்றன. பல பாகங்களைச் சிறு தயாரிப்பாளர்கள் புதிதாகவே செய்து விற்கிறார்கள். மெக்கானோ நிறுவனம் 1964-இல் கைமாறியது, லிவர்பூல் பின்ஸ் ரோடு ஆலை 1979-இல் மூடப்பட்டது. ஆனால் அங்கே செய்த என்ஜின்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. சில வருடம் பழகிய கைபேசியின் பேட்டரியை மாற்றவே கடைக்காரரின் தயவை நாடி நிற்கும் நமக்கு இது வியப்பாக இருக்கவேண்டும், கொஞ்சம் கோபமும் வரவேண்டும்.

பொம்மையைக் கழற்றுவதால் என்ன அறிவு வந்துவிடும் என்று கேட்கலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் 1946-இல் தொடங்கிய மாதிரி ரயில் மாணவர் மன்றத்தில் இரண்டு வகையினர் இருந்தார்கள். ஒரு சாரார் மேலே மலையும் ஊரும் ரயிலும் செய்தார்கள். இன்னொரு சாரார் பலகைக்கு அடியில் தவழ்ந்து, தொலைபேசி நிலையங்களில் பயன்பட்ட ரிலே என்னும் மின்காந்த சுவிட்சுகளை இணைத்து, ரயில்களைத் தடம் மாற்றும் ஏற்பாட்டைக் கட்டினார்கள். கணினி உலகில் இன்று புழங்கும் ‘ஹேக்’ என்ற சொல் அவர்களிடையே புழங்கிப் பரவியதுதான். அந்த மன்றத்தைச் சேர்ந்த இளைஞர்கள் பிடிபி-1 கணினியில் 1962-இல் ‘ஸ்பேஸ்வார்’ விளையாட்டை உருவாக்கினார்கள். அவர்கள் ஏற்கெனவே கெட்டிக்கார மாணவர்கள். ரயில்தான் அவர்களை உருவாக்கியது என்று சொன்னால் அது மிகை. ஆனால் ஓர் அமைப்பை அடிவரை திறந்து பார்க்கும் துணிச்சலைப் பழக்கிக்கொள்ள அவர்களுக்கு வாய்த்த இடம் ஒரு பொம்மை ரயில் பலகையின் அடிப்பக்கம்.

சேகரிப்பாளர்கள் பக்கமிருந்து வரும் மறுப்பு வலுவானது. பெட்டியோடு, கை படாமல் இருந்தால்தான் விலை, ஓட்டினால் தேய்மானம், கழற்றினால் அசல் தன்மை போய்விடும் என்கிறார்கள். பாதி நியாயம் இதில் உண்டு. தகரத்தில் அச்சிட்ட பழைய வண்ணத்தைச் சுரண்டிவிட்டுப் புதுப் பெயின்ட் அடிப்பதை நானும் ஏற்கமாட்டேன். அது திரும்பக் கிடைக்காத ஒன்றை அழிப்பது. ஒரு வகையில் மிஞ்சியிருப்பதே இரண்டு மூன்றுதான் என்றால் அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் இந்த ரயில்களில் பெரும்பகுதி ஆயிரக்கணக்கில் ஆலையில் செய்து குவிக்கப்பட்டவை. அவற்றைத் துடைப்பதும், எண்ணெய் விடுவதும், தேய்ந்த பிரஷை மாற்றுவதும் அவை செய்யப்பட்ட நாளிலேயே தயாரிப்பாளர் எதிர்பார்த்த பராமரிப்பு. கழற்றிய அசல் பாகத்தை ஓர் உறையில் போட்டு வைத்தால் நாளைக்கு வருபவர் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். அதுமட்டுமல்ல, ஓடாமலே கிடக்கும் என்ஜினில்தான் எண்ணெய் உறைந்து அச்சு இறுகிப்போகிறது. பெட்டிக்குள் பூட்டிவைத்தால் பாதுகாப்பு என்பது பாதி உண்மைதான்.

புதிய மாதிரிகள் இவற்றைவிட நுட்பமானவை அல்லவா? ஆம். கைப்பிடிக் கம்பி, எண்பலகை வரை அச்சு அசலாக வருகின்றன. தண்டவாளத்தின் வழியே எண்முறைக் கட்டளை அனுப்பி ஒரே தடத்தில் பல என்ஜின்களைத் தனித்தனியே இயக்கலாம். இந்த மின்னணு நுட்பத்தை நான் இகழவில்லை. லயனல் நிறுவனத்தில் பங்குதாரராக இருந்த பாடகர் நீல் யங், பெருமூளை வாதம் உள்ள தன் மகனும் ரயிலை இயக்கவேண்டும் என்று கம்பியில்லாக் கட்டுப்பாட்டுக் கருவியை உருவாக்குவதில் பங்கெடுத்தார். அதைவிட நல்ல காரணம் ஒரு கருவிக்கு வேண்டியதில்லை. ஆனால் புதிய என்ஜினுக்குள் இருக்கும் மின்னணுச் சில்லு கெட்டால் வேறு சில்லு வாங்கிப் போடலாமே தவிர, அதில் என்ன கெட்டது என்று வீட்டில் யாராலும் பார்க்க முடியாது. காட்சிக்கு நல்லது புதியது. கைக்கு ஏற்றது பழையது.

பழையது எல்லாமே சரிசெய்யக்கூடியதும் அல்ல. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வார்ப்புப் பாகங்கள் பலவற்றில் துத்தநாகக் கலவையோடு ஈயம் சிறிதளவு கலந்துவிட்டது. அந்த மாசு உலோகத்தை உள்ளிருந்தே அரிக்கும்; பாகம் வீங்கும், வெடிக்கும், கடைசியில் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்துகின்றன. சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோரக் காற்றில் வைத்திருப்பவர்கள் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் இல்லாமல் இதில் இறங்கக்கூடாது. இன்னொன்று பாதுகாப்பு. பழைய டிரான்ஸ்பார்மரின் ரப்பர் காப்புறை காய்ந்து வெடித்திருக்கும். வீட்டு மின்சாரம் நேரே உலோக உறைக்கு வந்துவிடலாம். அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொடுக்கவேண்டும், அல்லது ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த ரயிலுக்கு உரிய குறைந்த மின்னழுத்தம் தரும் புதிய கருவியை வாங்கவேண்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகளிடம் கொடுக்கவே கூடாது. இவை பொழுதுபோக்கைக் கைவிடச் சொல்லும் காரணங்கள் அல்ல, அறிந்து செய்யச் சொல்லும் காரணங்கள்.

இடம் இல்லை என்பவர்களுக்குப் பதில் எளிது. சாவி ரயிலுக்கு மின்சாரமும் வேண்டாம், நிரந்தர மேசையும் வேண்டாம். கூடத்துத் தரையில் வட்டமாகப் பூட்டி, விளையாடியபின் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடலாம். இவை நம்மூர் ரயில்கள் இல்லையே என்ற குறை உண்மைதான். பெயர்பெற்ற பழைய தயாரிப்பாளர்கள் தங்கள் நாட்டு ரயில்களையே செய்தார்கள். நம் அகலப் பாதையின் 1,676 மில்லிமீட்டரை பரவலாகப் புழங்கும் மாதிரி அளவான 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும், 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் அது உட்காராது. ஆனால் மோட்டாருக்கு நாடு கிடையாது. இது ஆண்பிள்ளை விளையாட்டு என்ற பேச்சுக்கும் பழைய பதில் ஒன்று இருக்கிறது. 1957-இல் லயனல் நிறுவனம் பெண் குழந்தைகளுக்கென்று இளஞ்சிவப்பு என்ஜினோடு ஒரு ரயில் விற்றது. அது விற்பனையில் படுத்துவிட்டது. ரயில் கேட்ட பெண்பிள்ளைக்கு நிஜ ரயில் போன்ற ரயில்தான் தேவைப்பட்டது.

உங்கள் வீட்டுப் பரணிலோ, தாத்தாவின் இரும்புப் பெட்டியிலோ இப்படி ஒரு ரயில் கிடந்தால், காயலான் கடைக்கும் போட்டுவிடாதீர்கள், விலை ஏறட்டும் என்று மறுபடி மூடியும் வைக்காதீர்கள். கீழே இறக்குங்கள். பழைய டிரான்ஸ்பார்மரை மின்சாரத்தில் செருகாமல் தனியே எடுத்துவையுங்கள். ஒரு வெள்ளைத் துணியை விரித்து, கழற்றும் பாகங்களை வரிசையாக வைத்துக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் பையனையும் பெண்ணையும் பக்கத்தில் உட்காரவைத்து, முதல் திருகை அவர்கள் கையாலேயே கழற்றச் சொல்லுங்கள்.