பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடும் முன்

கொஞ்சம் நீளமான பதிவு. திருவள்ளூரில் ரயில் ஏறினால் ஆவடி வருவதற்குள் படித்துவிடலாம்.

பள்ளி ஸ்டோர் ரூமில் கிடக்கும் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரை உடைந்த பெஞ்சுகளோடு சேர்த்துக் கழிக்கப்போகிறார்கள் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. "ஒரு பென் டிரைவ்கூடச் செருக முடியாது, அதை வைத்து என்ன டீச்சர் செய்வது?" என்றார் ஒருவர். இன்னொருவர், உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டு ராஸ்பெர்ரி பை வைத்தால் யுஎஸ்பி, வைஃபை எல்லாம் வந்துவிடும் என்றார். இரண்டுக்குமே எனக்குச் சம்மதம் இல்லை.

இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. 1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கி, முதலில் நாடு முழுக்க 250 பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்தது. அதில் வந்தது இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் செய்த இந்த பிபிசி மைக்ரோ. நினைவகம் வெறும் 32 கிலோபைட். இன்று நீங்கள் அனுப்பும் ஒரு 'காலை வணக்கம்' படம்கூட அதற்குள் அடங்காது.

நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்தவள். கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்தது மேல்வகுப்புக் கணக்கு ஆசிரியர்தான். ஆனால் மதிய இடைவேளையில் என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த அறைக்குப் போய்விடுவேன். வாய்பாடு கேட்கும் புரோகிராம் ஒன்று எழுதினார்கள். தப்பாகச் சொன்னால் ஆங்கில எழுத்தில் 'போ படி' என்று திரையில் வரும். அதைப் பார்ப்பதற்காகவே வேண்டுமென்று தப்புச் சொன்னவர்கள் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்! கோப்புக்கு ஏழு எழுத்துக்கு மேல் பெயர் வைக்க முடியாது. அதனால் தன் பெயரையே வைக்க நினைத்த நீளப் பெயர்க்காரர்கள் பாதிப் பெயரோடு நின்றார்கள். அந்தப் புரோகிராம்கள் எல்லாம் ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பிகளில் இருக்கின்றன. என் கவலை அவற்றைப் பற்றித்தான்.

சரி, பென் டிரைவுக்கு வருகிறேன். நேராகச் செருக முடியாது என்பது உண்மை. யுஎஸ்பி வந்ததே 1996-ல். இந்தக் கம்ப்யூட்டர் அதற்குப் பதினைந்து வருடம் மூத்தது, அதற்கு ஃப்ளாப்பி டிரைவோடு பேசத்தான் தெரியும். ஆகவே ஃப்ளாப்பி டிரைவ் மாதிரியே நடிக்கும் ஒரு கருவியை நடுவில் வைக்க வேண்டும். கோடெக் என்று பெயர். ஒரு பக்கம் ஃப்ளாப்பி டிரைவின் அதே 34 பின் பட்டைக் கேபிள், மறுபக்கம் பென் டிரைவ்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்யும் நம் மாணவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "டீச்சர், பழைய சிஎன்சி மெஷினுக்கு இதைத்தான் மாட்டுவாங்க" என்றார். எம்பிராய்டரி மெஷின்களிலும் இதுதானாம். இயந்திரம் நன்றாக ஓடுகிறது, ஃப்ளாப்பிதான் கிடைப்பதில்லை, அதற்காக இயந்திரத்தையே தூக்கிப்போட எந்த முதலாளியும் தயாரில்லை. லாபக் கணக்குப் பார்க்கிறவர்களே தூக்கிப்போடாதபோது பள்ளிக்கூடம் மட்டும் ஏன் அவசரப்படுகிறது?

ஒரு விஷயம். கோடெக்கோடு வரும் மென்பொருளுக்கு பிபிசி மைக்ரோவின் பதிவு முறை தெரியாது. ஃப்ளாஷ்ஃப்ளாப்பி என்ற இலவச மென்பொருளை அதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டரில் டிஸ்க் இன்டர்ஃபேஸ் இருக்க வேண்டும், நம்முடையதில் இருக்கிறது. எண்பது டிராக் ஃப்ளாப்பியின் ஒரு பக்கம் 200 கிலோபைட். 16 ஜிபி பென் டிரைவில் எத்தனை பக்கம் அடங்கும்? கணக்குப் போடுங்கள். ஏறத்தாழ எண்பதாயிரம்.

பெட்டியை அறுக்கவோ பிடுங்கவோ தேவையில்லை. கேபிள் கம்ப்யூட்டரின் அடிப்பக்கத்தில் செருகிக்கொள்ளும், கழற்றினால் பழையபடி ஆகிவிடும். ராஸ்பெர்ரி பை யோசனை எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான். அப்படிச் செய்தால் மிஞ்சுவது வெறும் கூடு.

ஆனால் கோடெக்கை மாட்டி, இணையத்தில் கிடைக்கும் விளையாட்டுகளை ஓட்டிக் கைதட்டிவிட்டு, ஃப்ளாப்பிகளைக் குப்பையில் போடுவதானால் இத்தனை பாடே வேண்டாம். அந்த விளையாட்டுகள் உலகம் முழுக்கப் பத்திரமாக இருக்கின்றன. நம் பிள்ளைகள் எழுதியதற்கு வேறு பிரதி கிடையாது. அதனால் பழைய டிரைவையும் கோடெக்கையும் ஒரே கேபிளில் சேர்த்து மாட்ட வேண்டும். பழையது 0, புதியது 1. கம்ப்யூட்டரின் பேக்கப் கட்டளையே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பிரதி எடுத்துவிடும். முதல் வேலை அதுதான், விளையாட்டெல்லாம் பிறகு.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. ஆர்வத்தில் யாரும் போய் சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். இந்த மாடலின் பவர் சப்ளையில் உள்ள பழைய கெப்பாசிட்டர்கள் வெடித்து அறையெல்லாம் புகையாகிவிடும். தெரிந்தவர் முதலில் அவற்றை மாற்றட்டும். அடுத்தது, நம் ஊர் ஈரத்தில் ஃப்ளாப்பிகளில் பூஞ்சை பிடித்திருக்கும். அப்படிப்பட்டதை டிரைவில் போட்டால் ஹெட் அழுக்காகி, அடுத்துப் போடும் நல்ல ஃப்ளாப்பியும் கெடும். தனியாக எடுத்து வையுங்கள்.

தலைமையாசிரியரிடம் பேசினேன். ஏல நாள்வரை அவகாசம் தருகிறேன் என்கிறார், எழுத்தில் கேட்டிருக்கிறேன். கோடெக்கை சிப்காட் மாணவர் கொண்டுவருகிறார். இரண்டு கனெக்டர் உள்ள 34 பின் கேபிளும், பவர் சப்ளை வேலை தெரிந்த ஒருவரும் வேண்டும். அப்புறம், வீட்டுக்கு எடுத்துப்போய்த் திருப்பித் தராத ஃப்ளாப்பி யாரிடமாவது இருந்தால் கொண்டுவந்து கொடுங்கள். திட்டமாட்டேன்.