கப்பலுக்கு முன் ஒரு கல்லறை

சென்னைத் துறைமுகத்தில் உல்லாசக் கப்பலேற விருதுநகரிலிருந்து வருவோர், எஞ்சும் அரைநாளைத் தியாகராய நகர்க் கடைகளில் தொலைக்கிறார்கள். நாங்களும் தொலைத்திருப்போம். துறைமுகத்தருகே, சந்தடிக்குள் ஒதுங்கிக் கிடக்கிறது அரண்மனைக்காரத் தெரு. 'ஆர்மீனியன்' தமிழ் நாவில் அடைந்த உருமாற்றம் அது, அரண்மனை ஏதுமில்லை. அங்கே 1772இல் எழுந்த ஆர்மீனியத் தேவாலய வளாகத்தில் பாதிரியார் ஷ்மாவோன்யான் துயில்கிறார். பாரசீகத்து ஷீராஸிலிருந்து வந்தவர். உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்', 1794இல் இந்நகரில் அவர் அச்சிட்டதே. ஏறத்தாழப் பதினெட்டு மாதங்களில் நின்றுபோயிற்று. நாட்டுக்கே நாட்காட்டி அச்சிடும் சிவகாசியை அருகில் வைத்துக்கொண்டு, சிற்றிதழ்களின் அற்பாயுளைப் புலம்பியே பழகிய எங்களுக்கு அக்கல்லறைமுன் கூச்சமாக இருந்தது. தமிழ் மாணவர்கள் மெரினாவுக்கு முன் காணவேண்டிய இடம் இதுவே என்போம். கப்பலுக்கு ஓட்டமாகத்தான் போய்ச் சேர்ந்தோம்.